குணாவின் படையலில் வைத்த இறால்

என் முரட்டுத் தம்பி குணாவுக்கு,

உன் மகள் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இதை உன்னோடு சேர்ந்து படிக்கிறவர்களும் அந்தத் தைரியத்தோடு மேலே படிக்கட்டும்.

அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. உடைத்தது நான். என் கீழுதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள். அது உன் மகள் தாரணி உதைத்தது. உன் பெண்டாட்டி ரேவதியின் முன்னங்கையில் பல் தடம் இன்னும் நீலமாக இருக்கிறது. எல்லாம் உன் முதல் வருஷத் திதி அன்று, உன் படத்துக்கு முன்னால், சூடம் ஏற்றிய தட்டு ஆறுவதற்குள் நடந்தது. நீ இருந்திருந்தால் நடுவில் புகுந்திருப்பாய். சண்டை என்றால் உனக்குச் சோறு தண்ணி வேண்டாமே.

உன்னைத் தெரியாதவர்களுக்காக ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா? கோலா கெடாவில் மீன் ஏற்றி சுங்கைப் பட்டாணி பாசாருக்குக் கொண்டுவரும் லோரிக்காரன் நீ. கை முந்தும், வாய் அதற்கும் முந்தும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான் என்று, அவனை மோட்டார் சைக்கிளோடு சேர்த்துக் கால்வாயில் தள்ளிவிட்டு வந்தவன். உன்னை யாரும் கீழே விழவைத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் உன்னை விழவைத்தது ஒரு கிண்ணம் இறால் சம்பல்.

நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ எவ்வளவு தூரம் அறிவாயோ தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் குளியலறையில் வாந்தி எடுத்தாய். உடம்பெல்லாம் தடித்து, கண் மூடிப்போய், மூச்சு கிடைக்காமல் சுவரைக் குத்தினாய். முகம் கழுவும் தொட்டியைப் பிடித்து இழுத்ததில் அது பெயர்ந்து உன் காலடியில் விழுந்து உடைந்தது. அடுத்த வரிசை வீட்டிலிருந்து நான் ஓடிவந்தபோது அப்பா ஒரு பக்கம், உன் லோரிக் கூட்டாளி ஒரு பக்கம், தோளில் உன் கையைப் போட்டு உன்னை நடத்தி, கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த காடிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். "நட, குணா, நடடா, இந்தா வந்தாச்சு" என்றார் அப்பா. கேட் பக்கத்தில் உன் கால் ரெண்டும் துணி மாதிரி மடிந்தது. அதற்கு மேல் நீ எழுந்திருக்கவில்லை.

உன்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது, குணா. அதற்கு முன்னாலேயே இறால் தின்றபோதெல்லாம் உதடு வீங்கியிருக்கிறது என்று ரேவதி பிறகுதான் சொன்னாள். "காத்து பட்டுருச்சுலா" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போவாயாம். அவள் கிளினிக்குக் கூப்பிட்டால் "வீங்குன உதட்டுக்கு எவன் டாக்டர்ட்ட போவான்?" என்பாயாம். யாரோடு சண்டை போட வேண்டும் என்று உனக்குத் தெரியவே இல்லையே.

நீ போன சில மாதத்தில் தாரணி பள்ளிக்கூடத்தில் கூட்டாளி கொடுத்த கெரோப்போக் இறால் அப்பளத்தை ஒரு கடி கடித்தாள். உதடு வீங்கி, வயிறு வலித்து, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ரேவதி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு இறாலும் நண்டும் அவளுக்கு ஆகாது என்றார்கள். இறாலை அரைத்துச் செய்யும் பிளாச்சான் போட்ட எதுவும் கூடாது. இறால் பொரித்த எண்ணெயில் பொரித்தது கூடக் கூடாது. மூச்சு மாறினால் போட வேண்டிய ஊசியும் கொடுத்தார்கள். பேனா மாதிரி இருக்கும். ஒன்று போதாமல் போகலாம் என்று ரெண்டு.

அன்றைக்குச் சோதித்த டாக்டரம்மா, "பிள்ளையோட அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டார். நான் சொன்னேன். கேட் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனதையும் சொன்னேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் கீழே விழுந்துவிடும். நிற்க வைத்தால் ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கிவிடும், இதயத்துக்குத் திரும்பாது. அதனால்தான் போனார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இனிமேல் யாரையும் எழுப்பாதீங்க, நடக்க விடாதீங்க. படுக்க வைங்க, காலை உயர்த்துங்க. மூச்சு விட ரொம்பச் சிரமப்பட்டா உட்காரலாம், அப்பவும் கால் நீட்டியே இருக்கணும்."

வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மெர்போக் சிம்பாங், அதாவது எங்கள் முச்சந்தி, வந்ததும் ரேவதிதான் சொன்னாள்: "அண்ணி, மாமாட்ட இத சொல்ல வேணாம். செத்துருவாரு." நான் தலையாட்டினேன். சொல்லவே இல்லை. திதி அன்று வரைக்கும்.

திதிக்கு முந்தின நாள் அப்பா தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டாரில் வந்தார். உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், "நாளைக்குக் காலையில கோலா கெடா போயி நல்ல இறாலா பாத்து வாங்கியாரேன்" என்றார்.

ரேவதி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, அது இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

"அவனுக்கு அதுதாம்மா உசுரு."

"அந்த உசுர எடுத்ததே அதுதானேப்பா!" என்று நான் கத்தினேன். "புள்ளைக்கும் ஆகாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

அப்பா முன்னால் வைத்திருந்த சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார். குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. "எம்புள்ளைக்கு நான் ஒரு வாய் வைக்கக்கூடாதா? அவன் என்ன பட்டினியா போகணும்?" என்று அடித்தொண்டையில் கேட்டார். மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நீ கோபத்தில் கிளம்புவது போலவே இருந்தது.

மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்தார். முகம் சாந்தமாக இருந்தது. சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தோம். நாங்கள் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தபோது, தோள்பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து, இலையின் ஓரத்தில், அப்பளத்துக்கு அடியில், தன் கையால் சமைத்த இறாலை வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு ரேவதியும் நானும் மீதி வடையைப் பொரிக்க அடுப்படிக்குப் போனோம். காக்கைக்குச் சோறு எடுக்கிறேன் என்று அப்பாதான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். இறால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் காக்கைக்கு வைக்கும் தட்டில் போட்டுவிட்டார். குழம்பு ஊறிய சோற்றை உருட்டி, "உங்கப்பா சாப்பிட்ட இலைம்மா, மொத வாய் உனக்குத்தான்" என்று தாரணியைக் கூப்பிட்டார்.

அவள் கேட்டிருக்கிறாள், குணா. நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டிருக்கிறாள். "தாத்தா, இதுல இறால் இருக்கா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் கண்ணு. ஒண்ணும் இல்ல."

அவருக்கு அது பொய் இல்லை. எடுத்துவிட்டால் போதும் என்றே நம்பினார்.

நான் வடைத் தட்டோடு ஹாலுக்கு வந்தபோது தாரணி இருமிக்கொண்டிருந்தாள். நாய் குரைக்கிற மாதிரி ஒரு இருமல். "அத்த, தொண்டைல என்னமோ..." என்றாள். அது அவள் குரலே இல்லை. கழுத்தில் சிவப்பாகத் தடிப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் தட்டைப் போட்டுவிட்டுப் பாய்வதற்குள் இலையின் மேலேயே வாந்தி எடுத்தாள். உதடு கண்முன்னால் வீங்கியது. கழுத்தைத் தன் நகத்தாலேயே பிறாண்டினாள், ரத்தம் வந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இதற்கு முன்னால் ஒரே ஒருவரிடம்தான் கேட்டிருக்கிறேன்.

"ரேவதி! ஊசி!"

சமையலறைக் கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த பையை அவள் பிடுங்கினாள், ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது. அந்த நொடியில் அப்பா தாரணியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவள் தலை அவர் முதுகுப்பக்கம் தொங்காமல் நேராக நிமிர்ந்திருக்க, கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "மோட்டார்ல போயிரலாம், மோட்டார்ல போயிரலாம்" என்று உளறிக்கொண்டே போனார்.

நான் அவரை முந்திப் போய்க் கிரில் கதவை இழுத்துச் சாத்தினேன். அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"கீழ வைங்கப்பா! படுக்க வைங்க!"

"வழிய விடுடி! மூச்சு நிக்குதுடி புள்ளைக்கி!"

தோளால் என்னை இடித்தார். அவர் கை குலை வெட்டிய கை, தெரியுமே உனக்கு. கம்பியில் என் பின்மண்டை மோதிக் கண் இருட்டியது. நான் அவர் சட்டையைப் பிடித்தேன், கிழிந்தது. தாரணியின் கை கீழே துவண்டு தொங்கியது. அவள் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. உன் முகம் கேட் பக்கத்தில் அப்படித்தான் மாறியது.

"இவளையும் சாகடிக்கப் பாக்குறியா?" என்று அப்பா கத்தினார்.

"நிக்க வச்சுத்தான் குணா செத்தான்! நீங்க தூக்கி நடக்க வச்சீங்களே, அதுலதான் அவன் போனான்! எறக்குங்கப்பா!"

சொல்லிவிட்டேன். எங்கள் வாய்க்குள் அத்தனை மாதம் பூட்டி வைத்திருந்ததை அவர் முகத்தில் அடித்தேன்.

அப்பாவின் பிடி தளர்ந்தது. என்னையே பார்த்தார். நான் தாரணியைப் பிடுங்கிக்கொண்டு, என் தோளையும் இடுப்பையும் சேர்த்து அவரைத் தள்ளினேன். பக்கவாட்டில் கதவுக்கு உள்ளே இருந்த படியில் போய் விழுந்தார், கை அடியில் மாட்டிக்கொண்டது. காய்ந்த மட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தரையில் அவளைக் கிடத்தினேன். கால் ரெண்டையும் தூக்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். மறுபடி வாந்தி வந்தது, ஒருக்களித்துத் திருப்பினோம். வாயைத் துடைக்கப் போன ரேவதியின் கையை அவள் கடித்தாள். எழுந்து ஓடப் பார்த்தாள், குணா. மூச்சு கிடைக்காத பிள்ளைக்கு என்ன பலம் வரும் என்று அன்றைக்குப் பார்த்தேன். ஒரு உதை என் வாயில் விழுந்து உதடு பிளந்தது. நான் அவள் முழங்காலைத் தரையோடு அழுத்தினேன். "குத்துடி! பாவாடை மேலயே குத்து!"

ரேவதி பையிலிருந்து ஊசியை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தொடையின் வெளிப்பக்கத்தில் ஓங்கி வைத்து அழுத்தினாள். டக்கென்று சத்தம் கேட்டது. "எடுக்காத, அப்படியே அழுத்திப் புடி" என்றேன். அவள் வாய் விட்டு அழுதுகொண்டே பிடித்திருந்தாள். தாரணி வாயைப் பிளந்து கத்தினாள், சத்தம் வரவில்லை.

நான் கைப்பேசியைத் தரையில் வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மலாயில் கத்தினேன். உணவு ஒவ்வாமை, மூச்சு நிற்கிறது, ஊசி போட்டாயிற்று. அந்தப் பக்கம் பேசிய பெண் பதறவில்லை. எழுப்ப வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள், ரெண்டாவது ஊசி இருக்கிறதா என்று கேட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் ரொஹானாவிடம், ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட சிம்பாங்கில் போய் நிற்கச் சொன்னேன். செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

நாங்கள் காத்திருந்தோம். உதட்டு நிறம் திரும்பவில்லை. விசில் சத்தம் மெலிந்துகொண்டே போனது. சத்தம் குறைந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். காற்றே உள்ளே போகவில்லை என்றாலும் சத்தம் குறையும். ரெண்டாவதை நான் எடுத்தேன். அடுத்த தொடையில் நான் குத்தினேன். அதில் உன்மேல் இருந்த ஆத்திரம், அப்பாமேல் இருந்த ஆத்திரம், எல்லாம் இருந்தது. "மூச்சு விடு, மூச்சு விடு" என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுத்தினேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. விசில் சத்தம் திரும்பி வந்தது. பிறகு ஒரு இருமல். பிறகு, குணா, உன் மகள் அழுதாள். ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். ரேவதி தரையில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள், அழுதாள், எது எதென்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். தெருவே கூடி நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டு, "நான் நடந்து வரேன்" என்று தாரணி எழுந்திருக்கப் பார்த்தாள். "எந்திரிச்ச, கொன்னுருவேன்" என்றேன். அப்படியே படுத்துவிட்டாள். படுத்தபடியேதான் ஏற்றினார்கள்.

அப்பா படியிலேயே உட்கார்ந்திருந்தார். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு முனகல் கூட இல்லாமல். காக் ரொஹானாவின் வீட்டுக்காரர்தான் அவரைக் காடியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்.

பிள்ளை நன்றாகிவிட்டாள், வீட்டுக்குப் போகலாமா என்று நாங்கள் கேட்டபோது விடவில்லை. அடங்கின மாதிரி அடங்கித் திரும்பி வரும் என்றார்கள். வந்தது. சாயங்காலம் வார்டில் படம் வரைந்துகொண்டிருந்தவள் திடீரென்று இருமினாள், வயிறெல்லாம் தடித்தது. நர்ஸ்கள் தயாராக இருந்தார்கள், உடனே அடக்கிவிட்டார்கள். வீட்டில் இருந்திருந்தால் எங்கள் கையில் ஊசியே இருந்திருக்காது.

அப்பாவைத் தேடிக் கீழே போனேன். கட்டுப்போட்ட கையோடு எலும்புப் பிரிவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "வலிக்குதாப்பா?"

கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். "நிக்க வச்சதாலதான்னு டாக்டர் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா. ஆனா அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க."

"தெரிஞ்சிருந்தா எறக்கி வச்சிருப்பேன்ல?"

"வச்சிருப்பீங்கப்பா."

"தோள்ல கனமா இருந்தான்லா," என்றார். "நான் நடடா நடடான்னேன்." பிறகு தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

அவர் மணிக்கட்டு உடைந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. மறுபடி நடந்தால் மறுபடி தள்ளுவேன். ஆனால் அந்த வார்த்தை? அது இல்லாமல் அவர் கை தளர்ந்திருக்குமா? நீதான் சொல்லேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ரேவதி முகம் கழுவப் போயிருந்தபோது தாரணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரல் இன்னும் கரகரப்பாகவே இருந்தது.

"அத்த, எங்கப்பாவ தாத்தாதான் கொன்னாரா?"

தோளில் கிடந்தபோது அவளுக்கு நினைவு இருந்திருக்கிறது. கேட்டிருக்கிறாள்.

அத்தனை அடி வாங்கியும் அழாதவள் நான், அப்போது அழுதுவிட்டேன். பிறகு சொன்னேன்: "இல்லம்மா. உங்கப்பாவக் காப்பாத்தத்தான் தாத்தா தூக்கிட்டு ஓடுனாரு. உன்னையும் அதுக்குத்தான் தூக்குனாரு. எப்படித் தூக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவ்ளோதான்."

அவள் யோசித்தாள். "அப்ப நீங்க ஏன் அப்படிக் கத்துனீங்க?"

"உன்ன எறக்கணும்னு கத்துனேன்."

சரி என்று சொல்லவில்லை. தலையணைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போதைய சேதி இதுதான். அப்பா தினமும் சாயங்காலம் பஸ் பிடித்து வருகிறார். கேட் பக்கத்தில் மோடா போட்டு உட்காருகிறார். உள்ளே வருவதில்லை, நம் வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் பழகக் கொடுத்த ஊசியில்லாத பேனாவை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன். "இடது கையால பழகுங்கப்பா" என்றேன். வாங்கவில்லை. மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தொடையில் ஓங்கிக் குத்தினார். மறுபடி குத்தினார். உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே குத்தினார். தாரணியும் என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் இன்னும் வெளியே போகவில்லை.

தம்பி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தாத்தாதான் கொன்றாரா என்ற அந்தக் கேள்வியை அவள் வளர வளர மறுபடி மறுபடி கேட்பாள். கல்யாண வயசிலும் கேட்பாள். எத்தனை தடவை கேட்டாலும் உட்கார வைத்து, முழுசாக, ஒளிக்காமல் சொல்வேன். உன்னை எப்படி நடத்திக் கூட்டிப் போனார்கள் என்பதையும் சொல்வேன், எதற்காக என்பதையும் சொல்வேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவள் தானாக அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு அவரிடம் போகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன்மேல் கோபம் தீராத,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
அக்கா வள்ளி
மெர்போக்